தண்டல் அட்டை கையில் இருக்கும்வரை மற்ற திட்டங்கள் பிறகுதான்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே காலை நேரத்தில் இட்லிக் கடை நடத்தும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பிடித்தம் போக மாதம் 17,000 ரூபாய் கைக்கு வருகிறது. கடையில் செலவு போக ஏறக்குறைய 8,000 ரூபாய் நிற்கிறது. வீட்டு வாடகை 6,000. தண்டலுக்கு, அதாவது நாள்தோறும் வந்து வசூலிக்கும் கடனுக்கு, தினம் 100 ரூபாய், மகளிர் குழுக் கடனுக்கு மாதம் 2,650, அடகுக் கடையில் இருக்கும் மூன்று சவரன் நகைக்கு வட்டி மட்டும் 1,800, பக்கத்துத் தெருவில் 2,500 ரூபாய் சீட்டு. இந்த நிலையில் ஒரு ஏஜென்ட் மாதம் 2,000 ரூபாய் கட்டி பாலிசி எடுக்கச் சொல்கிறார். அக்காள் மகனோ அதே பணத்தை எஸ்ஐபியில், அதாவது மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில், போடச் சொல்கிறான். இரண்டில் எது நல்லது என்பதுதான் கேள்வி.

இரண்டுமே இப்போது வேண்டாம் என்பது என் பதில். அந்தத் திட்டங்கள் நல்லவையா கெட்டவையா என்ற ஆராய்ச்சிக்குப் போகும் முன், உங்கள் வீட்டுக்குள் வரும் பணமும் வெளியே போகும் பணமும் என்ன விலைக்குப் போகின்றன என்பதை ஒரே அளவில் எழுதிப் பார்க்க வேண்டும். வங்கி ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லும். அடகுக் கடை நூற்றுக்கு இரண்டு வட்டி என்று மாதக் கணக்கில் சொல்லும். தண்டல்காரர் வட்டியைப் பற்றியே பேசாமல் நாளுக்கு நூறு என்பார். மூன்றையும் நீங்கள் நன்கு அறிந்த ‘நூற்றுக்கு மாதம் எத்தனை வட்டி’ என்ற கணக்குக்குக் கொண்டுவந்துவிட்டால், எதை முதலில் நிறுத்த வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

தண்டலில் இருந்து தொடங்குவோம். 10,000 ரூபாய் என்று பேசி, 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாளில் 10,000 கட்டி முடிக்கிறீர்கள். 8,500-க்கு 1,500 தானே, நூற்றுக்குப் பதினேழு பதினெட்டு ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 8,500-உம் நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் ஐம்பதாம் நாளில் ஏறக்குறைய பாதிப் பணம் அவரிடம் திரும்பிப் போயிருக்கும். சராசரியாகப் பார்த்தால் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவுக்குத்தான் நீங்கள் மூன்று மாதத்துக்குச் சற்று மேல் பயன்படுத்துகிறீர்கள். சரியாகக் கணக்கிட்டால் இது நூற்றுக்கு மாதம் பத்து வட்டி, ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். உங்களுக்கு உறுதியாக 120 சதவீத லாபம் தரும் முதலீடு உலகில் எங்கும் கிடையாது. ஆகவே தண்டல் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், அடுத்த தண்டலை எடுக்காமல் இருப்பதைவிடச் சிறந்த முதலீடு ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கையில் இருக்கும் அட்டையை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் தண்டலை, முன்கூட்டியே முடித்துவிடலாமா என்று பலர் கேட்பார்கள். வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டதால், அறுபதாம் நாளில் மீதி 4,000-ஐ மொத்தமாகக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஒரு ரூபாயும் குறைக்க மாட்டார்கள். எனவே அவசரப்பட வேண்டாம். அட்டை அதன் போக்கில் முடியட்டும். ஆபத்து இருப்பது அறுபது எழுபதாம் நாளில் அவரே வந்து ‘புது அட்டை போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும்போதுதான். பழைய மீதி 4,000-ஐயும் புது வட்டி 1,500-ஐயும் கழித்துக்கொண்டு 4,500 ரூபாயைக் கையில் வைப்பார். அந்த 4,000-க்கு நீங்கள் ஏற்கெனவே வட்டி கொடுத்தாகிவிட்டது. புது அட்டையில் அதற்கே இன்னொரு முறை வட்டி கொடுக்கிறீர்கள். 4,500 ரூபாய்க்காக 1,500 ரூபாய் போகிறது. எத்தனை நெருக்கடி வந்தாலும் பாதி அட்டையில் புது அட்டை போடாதீர்கள் என்று நான் வலியுறுத்திச் சொல்வேன். தினவட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் ஆகியவற்றின் பெயரால் அதீத வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. மிரட்டல் என்று ஏதாவது நடந்தால் காவல் நிலையத்தில் அந்தச் சட்டத்தைச் சொல்லியே புகார் தரலாம்.

அட்டை முடிந்த மறுநாளிலிருந்து என்ன செய்வது என்பதே உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். நூறு நாளும் தவறாமல் நூறு ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். உங்களால் சேமிக்க முடியுமா என்ற ஐயத்துக்கு அங்கேயே இடமில்லாமல் போகிறது. அதே நூறு ரூபாயை, அதே நேரத்தில், கடையில் கல்லாவை மூடும் முன் தனியாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலோ வங்கிக் கணக்கிலோ போட்டுவிடுங்கள். வீட்டில் உண்டியலாக வைத்தால் யாராவது ஒருவரின் அவசரத்துக்குப் போய்விடும். நூறு நாள் முடிந்தால் 8,500 அல்ல, முழுதாகப் 10,000 ரூபாய் உங்களுடையது.

அந்த முதல் 10,000 எதற்கு என்பதிலும் தெளிவு வேண்டும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில்தான் தண்டல் எடுக்க நேர்கிறது என்று. காரணம் வெளிப்படை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக் காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகில் போகிறவர், ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், மீன் ஏற்றும் வண்டிக்காரர் என்று உங்கள் கடையில் காலை ஐந்து மணிக்கு நிற்கிற கூட்டம் பாதியாகிவிடுகிறது. அது முடியும் நேரத்தில் பள்ளி திறந்து, கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் என்று செலவு வந்து நிற்கிறது. கடை வருமானம் பாதியானால் மாதம் 4,000 வீதம் இரண்டு மாதத்துக்கு 8,000 ரூபாய் குறையும். பள்ளிச் செலவையும் சேர்த்தால் பத்தாயிரத்தைத் தொடும். திடீரென்று வரும் நோய்க்குத் தேதி கிடையாது. இந்தக் குறைவுக்குத் தேதி இருக்கிறது. ஜனவரி 5-ஆம் தேதி நூறு ரூபாய் எடுத்து வைக்கத் தொடங்கினால் ஏப்ரல் 14-ஆம் தேதி நூறாவது நாள். தடை தொடங்கும் அன்று கையில் 10,000 ரூபாய் இருக்கும் கடைக்குத் தண்டல் தேவைப்படாது. இந்தப் பணத்தை நகை மீட்கவோ சீட்டுக்கோ எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் மே மாதத்தில் மறுபடியும் பத்து வட்டிக்குப் போய் நிற்பீர்கள்.

கடைக்கு முதல் வேண்டும் என்றால் தண்டலுக்கு மாற்று இருக்கிறது. தெருவோர வியாபாரிகளுக்காக 2020-இல் தொடங்கப்பட்ட பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் முதல் முறை 10,000 ரூபாய் என்று இருந்ததை 2025-இல் 15,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு அடுத்து 25,000, அதற்கடுத்து 50,000 என்று வாய்ப்பு உண்டு. பிணை கேட்பதில்லை, தவணை தவறாமல் கட்டுபவருக்கு 7 சதவீத வட்டி மானியமும் கணக்கில் வந்துவிடும். மாநகராட்சி தரும் வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும் என்பதால், அதற்கான அலைச்சலை நெருக்கடி இல்லாத மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது நகை. இதுதான் உங்கள் வீட்டில் சத்தமில்லாமல் பணம் கரையும் இடம். 90,000 ரூபாய்க்கு நூற்றுக்கு இரண்டு வட்டி, மாதம் 1,800. இரண்டு ஆண்டில் 43,200 ரூபாய் கட்டியும் அசலில் ஒரு காசு குறையவில்லை. அதே நகையை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்தால் ஆண்டுக்கு 9 முதல் 10 சதவீத அளவில்தான் வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்கூட வராது. ஆனால் மீட்டால்தானே வங்கிக்குக் கொண்டுபோக முடியும், மீட்க 90,000-க்கு எங்கே போவது என்ற தடை வருகிறது. மொத்தமாக மீட்க வேண்டியதில்லை. உங்களிடம் மூன்று தனித்தனி ரசீதுகள் இருக்கின்றன: அரை சவரன் மோதிரம் 12,000-க்கு, ஒரு சவரன் வளையல் 30,000-க்கு, ஒன்றரை சவரன் சங்கிலி 48,000-க்கு. இவற்றை அடகு வைத்த நாளில் இருந்ததைவிடத் தங்கம் இப்போது மிகவும் ஏறிவிட்டது. இரண்டரை லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கியும் 2025-இல் விதியைத் தளர்த்தியிருக்கிறது.

ஆகவே இரண்டாவது நூறு நாள் பணத்தோடு இரண்டாயிரம் சேர்த்து முதலில் மோதிரத்தை மீளுங்கள். அதை வங்கியில் வைத்தால் இன்றைய விலைக்கு 25,000 வரை கிடைக்க வாய்ப்பு அதிகம். கையிலிருந்து ஐயாயிரம் சேர்த்து வளையலை மீட்கலாம். அந்த வளையலை வங்கியில் வைத்து 48,000 மட்டும் வாங்கிச் சங்கிலியை மீட்டுவிட்டால், சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். வங்கியில் 73,000 ரூபாய்க் கடன் இருக்கும். மாத வட்டி 1,800-க்குப் பதிலாக 600 ரூபாய் அளவுக்கு இறங்கிவிடும். அந்தந்த மாத வட்டியைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வங்கி மதிப்பீட்டாளர் கல்லையும் அரக்கையும் கழித்துவிட்டே எடை போடுவார் என்பதையும், அவருக்கு ஒரு சிறு கட்டணம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். இதில் கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான்: விலை ஏறியிருக்கிறது என்று வங்கி கூடுதலாகத் தர முன்வந்தாலும் மீட்பதற்கு வேண்டிய தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. வங்கி நகைக் கடன் பெரும்பாலும் ஓராண்டுக் கெடு உடையது. கெடு நாளைக் காலண்டரில் குறித்துவைத்து, அதற்குள் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

குழுக் கடனும் இரண்டு வட்டி, அடகும் இரண்டு வட்டி, இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்கலாம். ஒன்றல்ல. 50,000 ரூபாய்க்கு 24 மாதமும் அசல் குறையாமல் இரண்டு வட்டி கட்டினால் 24,000 ரூபாய் வட்டியாகப் போகும், அசலும் அப்படியே நிற்கும். அதே 50,000 ரூபாய்க்கு உங்கள் குழுக் கடனில் 24 மாதம் 2,650 வீதம் கட்டும்போது அசலும் சேர்ந்து குறைவதால், மொத்த வட்டி 13,500 ரூபாய் அளவில் முடிந்துவிடுகிறது. இருசக்கர வண்டிக் கடனில் இந்த வித்தியாசத்தை மறைத்துத்தான் பேசுகிறார்கள்: ‘பிளாட் 12 சதவீதம்’ என்று மூன்று ஆண்டுக்குச் சொல்வது, குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் 21 சதவீதத்துக்கு மேல் வரும். 2024 அக்டோபர் முதல் வங்கியோ நிதி நிறுவனமோ எந்தச் சில்லறைக் கடன் தந்தாலும் எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று காட்டும் முக்கிய விவர அறிக்கையை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அதைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். குழுக் கடனை இடையில் தொந்தரவு செய்ய வேண்டாம், அது முடியட்டும். ஆனால் குழுவில் வேறொருத்திக்காக உங்கள் பெயரில் கடன் எடுத்துக் கொடுப்பது மட்டும் கூடாது. அவள் கட்டாமல் போனால் வசூலுக்கு வருபவர் உங்கள் வாசலில்தான் நிற்பார், கெடுவதும் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்தான்.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம் கவலையோடுதான் எழுதுகிறேன். இருபது பேர், 2,500 ரூபாய், இருபது மாதம், 50,000 ரூபாய்ச் சீட்டு. பன்னிரண்டு மாதம் ஓடிவிட்டது, நீங்கள் இன்னும் எடுக்கவில்லை. சீட்டு என்ற முறையில் குறை ஒன்றும் இல்லை. அவசரக்காரர் ஏலத்தில் ஒரு தொகையைத் தள்ளுபடியாக விட்டுக்கொடுத்து முன்னதாக எடுக்கிறார், பொறுத்திருப்பவர் அந்தத் தள்ளுபடியில் பங்கு பெறுகிறார். வடசென்னையில் எத்தனையோ வீட்டுக் கல்யாணங்கள் இதில் நடந்திருக்கின்றன. ஆனால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டில், நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைக் காட்டிய பிறகே தொடங்க முடியும். அவருடைய கமிஷனும் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெருச் சீட்டில் இருக்கும் ஒரே பிணை, பிடிப்பவரின் நாணயம். அவர் நல்லவராகவே இருந்தாலும், முன்னால் எடுத்த இரண்டு பேர் ஊரை விட்டுப் போய்விட்டால் அவரால் என்ன செய்ய முடியும்? மீதி எட்டு மாதத்தைக் கட்டி முடியுங்கள். கட்டிய தொகைக்கு ஒவ்வொரு மாதமும் சிறு புத்தகத்தில் கையெழுத்து வாங்குங்கள். வரும் பணத்தை வங்கி நகைக் கடனில் கட்டிவிடுங்கள். அடுத்த முறை பதிவு செய்த சீட்டில் சேருங்கள், அல்லது அதே 2,500-ஐ அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுங்கள். கடந்த சில ஆண்டுகளாக அதற்கு 6.7 சதவீத வட்டி இருந்துவருகிறது. மாதம் 1,000 கட்டினாலே அந்த வட்டியில் ஐந்தாண்டில் 71,000 ரூபாய்க்கு மேல் சேரும்.

பெரிய கட்டடமும் பெரிய பெயரும் இருந்தால் பணம் பத்திரம் என்ற எண்ணத்துக்கு இந்த ஊரில் பழைய பாடம் உண்டு. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் என்ற வங்கிக் கம்பெனி திவாலானபோது, வெள்ளைக்காரர் நிறுவனம் என்று நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிர்க்கதியாயின. அந்த அதிர்ச்சியில் உள்ளூர் ஆட்களே சேர்ந்து அடுத்த ஆண்டு தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. இன்று வங்கியில் போடும் பணத்துக்கு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. மாதம் நூற்றுக்குப் பத்து, இருபது தருகிறேன் என்று டெபாசிட் கேட்பவரிடம் அந்தக் காப்பீடு இல்லை. பத்து வட்டிக்குத் தண்டல் வாங்கிய உங்களுக்கே தெரியும், அந்த வட்டியைத் தொடர்ந்து கட்டுவது எத்தனை கடினம் என்று. அதைவிட அதிகமாக ஒருவர் தொடர்ந்து தருவதற்கு எந்த நேர்மையான தொழிலும் இடம் கொடுக்காது.

உங்கள் கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதிக்கும் (பிஎஃப்) தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐக்கும் பிடித்திருப்பார்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு ஈஎஸ்ஐ உண்டு. தொழிலாளி தருவது 0.75 சதவீதம்தான். அதற்குக் குடும்பம் முழுவதற்கும் சிகிச்சை கிடைக்கிறது. அயனாவரம் ஈஎஸ்ஐ மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அவர் நோயுற்று வேலைக்குப் போக முடியாவிட்டால், உரிய நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழிக்கும் பழக்கம் மணலி, எண்ணூர்த் தொழிலாளர்களிடம் அதிகம். பழைய கணக்கை, வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்ணான அதே யுஏஎன் எண்ணில் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பத்து ஆண்டு பணிக்காலம் சேர்ந்தால்தான் ஓய்வூதிய உரிமை வரும், ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும்.

இனி ஏஜென்ட் சொன்ன பாலிசி. உயிர்க் காப்பு வேண்டியதுதான். ஆனால் அதற்கு மாதம் 2,000 தேவையில்லை. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் எந்தக் காரணத்தால் இறப்பு நேர்ந்தாலும் 2 லட்சம்; 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாயில் சுரக்ஷா திட்டம் விபத்துக்கு 2 லட்சம். இரண்டும் சேர்ந்து ஒருவருக்கு 456 ரூபாய், ஐந்து நாள் தண்டலுக்கும் குறைவு. கணவருக்கும் உங்களுக்கும் சேர்த்தே எடுங்கள்; மே மாதக் கடைசி வாரத்தில் புதுப்பிப்புப் பணம் பிடிப்பார்கள் என்பதால் அப்போது கணக்கில் இருப்பு இருக்க வேண்டும்; பணம் போய்ச் சேர வேண்டியவரின் பெயரையும் சரிபார்த்துவிடுங்கள். காப்பீட்டையும் சேமிப்பையும் ஒன்றாகக் கட்டிய பாலிசியில் பதினைந்து இருபது ஆண்டு தவறாமல் கட்டினால்தான் ஏதாவது பலன். இரண்டாம் ஆண்டில் ஒரு மே மாதத்தில் கட்ட முடியாமல் போனால் போட்டதில் பெரும்பகுதி போய்விடும்.

எஸ்ஐபி பற்றி அக்காள் மகன் சொன்னது தவறல்ல, காலம்தான் வரவில்லை. ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் தொடாதிருக்கக்கூடிய பணத்துக்கு அது பொருந்தும். சந்தை இறங்கினால் போட்டதைவிடக் குறையவும் செய்யும். தண்டல் நின்று, வங்கி நகைக் கடன் முடிந்து, தடைக் காலப் பணம் தனியாக ஒருமுறை நின்ற பிறகு 500 ரூபாயில் தொடங்கிக்கொள்ளலாம். பாலிசிப் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால், பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, சிறு கழிவு போக மீதியைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு; கடிதத்தை ஏஜென்டிடம் கொடுக்காமல் நிறுவனத்தின் கிளையிலேயே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.